பாக்கெட் இல்லாத தண்ணீர்ப் பந்தல்: திருத்தணி ஆடிக் கிருத்திகை

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி போக எனக்கு பக்தி மட்டும் காரணமில்லை. கல்லூரி விடுதியில் என் அறைத்தோழியாக இருந்த கௌரி பொதட்டூர்பேட்டைக்காரி. வீட்டில் நான்கு விசைத்தறி. அவர்கள் தெரு நெசவாளர்கள் காவடிக்காரர்களுக்காக வருடாவருடம் தண்ணீர்ப் பந்தல் போடுவார்கள். மறுநாள் அந்த இடத்தில் மண்ணே தெரியாது, அத்தனை பிளாஸ்டிக் பாக்கெட். "இந்த வருசம் பாக்கெட்டே கிடையாது" என்று கௌரி சண்டை போட்டு சம்மதம் வாங்கியிருந்தாள். ஒரு பக்தர் தாகத்தோடு திரும்பினாலும் பழையபடி பாக்கெட்தான், அதன்பிறகு அவள் வாயே திறக்கக்கூடாது. இது பந்தல் தலைவரின் நிபந்தனை. அவர் அவளுடைய அக்கா கணவர் வேறு, அவள் வாயில் 'பாவா'.

சென்ட்ரலில் விடிகாலை மின்ரயில். டிக்கெட் இருபத்தைந்து ரூபாய், இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். அரக்கோணத்தில் ஏறிய மஞ்சள் வேட்டிக் கூட்டத்தில் என் இட்லிப் பொட்டலம் நசுங்கியது. திருத்தணி நிலையத்திலிருந்து பொதட்டூர்பேட்டை சாலையில் நான்கு கிலோமீட்டரில் பந்தல், ஷேர் ஆட்டோ முப்பது ரூபாய்.

பந்தலில் மண்பானைகள், பக்கத்தில் ஐம்பது எவர்சில்வர் டம்ளர்கள். டம்ளர் என் யோசனை. பெருமையாக நின்றேன். அந்தப் பெருமை பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை.

முதலில் வந்தவர் தோளில் புஷ்பக் காவடி. கௌரி வழக்கப்படி அவர் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினாள். நான் டம்ளரை நீட்டினேன். அவர் காவடியிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

"வேணாம்மா. விரதத்துல கீறேன். யார் வாய் வச்ச டம்ளரோ."

"கழுவிதான் வச்சிருக்கோம்."

"ஆங், கழுவியிருப்பீங்க. மனசு ஒப்பலீயே. பாக்கெட் இல்லீங்களா?"

பின்னால் வந்தவர்களும் நின்று கேட்டார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மினி லாரியில் தார்ப்பாய் போட்டு மூடிவைத்திருந்த பாக்கெட் மூட்டைகளை நோக்கி பாவா நடந்தார். நாங்கள் தோற்றால் என்ன செய்வது என்ற ஏற்பாடோடுதான் மனிதர் வந்திருக்கிறார். எனக்கு எரிச்சலில் கண் கலங்கியது.

"பாவா, ஒரு நிமிசம்," என்றாள் கௌரி. காலுக்கு ஊற்றும் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, பூஜைக்கென்று கொண்டுவந்த வேறொரு பித்தளைச் சொம்பை எடுத்தாள். பானையில் மொண்டாள். அந்தக் காவடிக்காரர் நல்ல உயரம். இவள் பக்கத்தில் கிடந்த செங்கல் அடுக்கின்மேல் ஏறிக்கொண்டாள்.

"அண்ணா, அண்ணாந்துக்கோங்க. சொம்பு உங்க வாய்ல படாது."

அவர் அண்ணாந்தார். காவடியிலிருந்து கை எடுக்க வேண்டியிருக்கவில்லை. சொம்பு காலியாகும்வரை குடித்துவிட்டு, "அரோகரா" என்றபடி நடந்தார். அடுத்தவர் சொல்லாமலேயே அண்ணாந்தபடி வந்து நின்றார்.

கிருத்திகைக்காகத் தறிகளை நிறுத்தியிருந்ததால் தெருப் பெண்கள் எல்லோரும் பந்தலில்தான் இருந்தார்கள். பூஜைச் சொம்புகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. காலுக்கு ஒரு வரிசை, வாய்க்கு ஒரு வரிசை. நானும் ஊற்றினேன், முதல் ஆளின் மூக்கில். அவர் தும்மிவிட்டுச் சிரித்தார். கை பழக அரை மணி நேரமானது.

மதியத்துக்குமேல் பெண்கள் கை ஓய்ந்தபோது பாவாவே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு சொம்பை வாங்கினார். "கையி வலிச்சிகினு எதுக்கு நிக்கிறீங்க? குட்ங்க இப்டி." கௌரி என் பக்கம் திரும்பாமல் சிரித்தாள். எனக்கு விசிலடிக்க வேண்டும்போல் இருந்தது, அடிக்கவில்லை, கோயில் காரியம்.

சாயங்காலம் கூட்டம் குறைந்தது. பந்தலைச் சுற்றி ஈரமண்தான் கிடந்தது. மூட்டைகள் தார்ப்பாய்கூட விலகாமல் லாரியிலேயே திரும்பின. அடுத்த வருடத்துக்கு இன்னும் நான்கு பானை வேண்டும் என்று பாவா யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார். ஜெயித்துவிட்டோம். இதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

போகிறவர்களுக்கு: கிருத்திகையன்று மலைமேல் வண்டியை நம்பாதீர்கள், படியேறுங்கள், காலையிலேயே ஏறுங்கள். உங்கள் ஊரிலும் பந்தல் போடுகிறீர்கள் என்றால் டம்ளருக்குச் செலவழிக்காதீர்கள், என்னிடம் ஐம்பது இருக்கிறது, தருகிறேன். ரயிலுக்கு ஒரு பாட்டில் தண்ணீர் வீட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். பொதட்டூர்பேட்டைச் சாலைக்கு வந்துவிட்டால் அதுவும் வேண்டாம். அண்ணாந்தால் போதும்.