வெங்காயக் காட்டில் ஒரு கல்வட்டம்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு சரித்திரக் கண்டுபிடிப்பு செய்தேன். பத்து நிமிடம்தான் நிலைத்தது.

உங்களுக்குத்தான் தெரியுமே... ஆறு நாள் ஆபீஸ், ஏழாம் நாள் பழைய பாதை தேடுவது — இது என் வியாதி. சிறுவாச்சூரிலிருந்து அரும்பாவூர் பக்கமாக, அந்தக் காலத்து வணிகர்கள் வண்டி கட்டிப் போன பெருவழி ஒன்று இருந்திருக்கும் என்பது என் கட்சி. ஆதாரம்? செல்போன் மேப்பில் வரப்புகளைக் குறுக்கே வெட்டிப் போகும் மங்கலான ஒரு கோடு.

அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போனால், ஒரு வெங்காயக் காட்டின் ஓரத்தில் வரிசையாகக் கற்கள். கல்வட்டமேதான் — இறந்தவர்களைப் புதைத்து, சுற்றிலும் கல் வைத்த ஆதிகாலத்து இடம். வட்டம் கொஞ்சம் நீள்சதுரமாக இருந்தது. காலம் நகர்த்தியிருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டுப் போட்டோ எடுத்தேன்.

"சார், அது வெங்காயப் பட்டறைங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல். காட்டுக்குச் சொந்தக்காரர், செல்வி. "ஈரம் ஏறாம இருக்கக் கல்லு பரப்பி, மேல வெங்காயத்தைக் குவிச்சு வைப்போம். போன வருஷம் நான்தான் போட்டேன்."

மானம் போனது. பார்க்க வேறு ஆள் இல்லாததால் பாதிதான் போனது. சரி, இந்தக் கற்கள் எங்கிருந்து வந்தன?

"அந்த மேட்டுலேர்ந்து உருட்டிக்கிட்டு வந்ததுங்க. அங்க வளையமா நெறைய கெடக்கு."

ஓடினேன். முள்ளுச் செடிகளுக்குள் நிஜமான வட்டம், சில கற்கள் மட்டும் குறைவாக. காலடியில் கறுப்பும் சிவப்புமாக, அந்த ஆதிகாலத்துப் பானை ஓடு ஒன்று. கண் கலங்கிவிட்டது, சத்தியமாக.

"நாளைக்குப் பொக்லைன் வருது சார். மேட்டையும் சுத்தி இருக்குற முள்ளுக் காட்டையும் தட்டிட்டுப் பயிர் வைக்கப் போறோம்" என்றார் பின்னாலேயே வந்த செல்வி.

படபடவென்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டவர் ஒன்றே ஒன்று கேட்டார். "இத வெளிய சொன்னா நெலத்தை எடுத்துக்குவாங்களா? எங்கப்பா கூலிக்கு உழைச்ச காடுங்க இது. நான் வாங்கி நாலு வருஷந்தான் ஆவுது."

'எடுக்க மாட்டார்கள்' என்று நாக்கு நுனி வரை வந்தது. பொய் சொல்லி மீட்கிற சரித்திரம் எதற்கு?

"எனக்குத் தெரியாதுங்க. நீங்க சொல்ற வரைக்கும் யாருக்கும் போட்டோ அனுப்ப மாட்டேன்" என்றேன்.

செல்வி மேட்டை ஒரு சுற்று சுற்றி வந்தார். பிறகு பொக்லைன்காரருக்குப் போன் போட்டார். "தம்பி, மேட்டை மட்டும் வுட்டுடு. மீதியத் தட்டு." என்னிடம் திரும்பி, "யாரோ பெத்தவங்களப் பொதைச்ச எடம். தெரிஞ்சப்புறம் எப்படி சார் மேல ஏர் ஓட்டுறது?"

மறுநாள் திங்கட்கிழமை, கலெக்டர் ஆபீசில் மனு வாங்கும் நாள். கல்லைப் பற்றிச் சொல்ல அவரே கிளம்பிவிட்டார்; நானும் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன். வாசல் மரத்தடியில் மனு எழுத உட்கார்ந்தேன். 'தொன்மை வாய்ந்த' என்று நான் ஆரம்பித்ததும் தடுத்தார்.

"நெலம் செல்வியோடதுன்னு மொத வரியில எழுதுங்க சார். கல்லு அடுத்த வரி."

அப்படியே எழுதினேன். இத்தனை காலம் காத்திருந்த கற்கள், இன்னும் ஒரு வரி காத்திருக்காதா?