காசியில் அவர் விட்டது

அந்தக் காலத்தில் பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து காசிக்கு ஆள் கூட்டிக்கொண்டு போவதுதான் என் பிழைப்பு. கூட ஒரு கூட்டாளி. டிக்கெட் எடுப்பதும் சத்திரத்தில் இடம் பிடிப்பதும் என் வேலை. பேசுவது அவர் வேலை. ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு காப்பிக் கடையில், கொழும்புக்கும் பினாங்குக்கும் கப்பலேற்றிவிடும் ஏஜெண்டுகளோடு நாங்களும் கூடுவோம். போய்வந்த ஊர்க் கதைகளை அளப்போம். கடல் கண்ணாடி மாதிரிக் கிடந்தது என்பார் ஒருவர். கங்கையில் விளக்கு மிதப்பதை என் கூட்டாளி சொன்னால் காப்பி ஆற்றுகிறவர் கை நின்றுவிடும். கப்பலில் குடலைப் புரட்டியதையும் சத்திரத்தில் மூட்டைப்பூச்சி பிடுங்கியதையும் பற்றி ஒருவரும் மூச்சு விடமாட்டார்கள். கேட்பவர்களில் யாராவது அடுத்த நடைக்கு வருவார்கள் அல்லவா? எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் அந்தப் பேச்சில்தான் என் வீட்டு உலையும் கொதித்தது.

ஒரு நடையில் எருத்தேன்பதியிலிருந்து ஒரு விவசாயி தனியாக வந்து சேர்ந்தார். நாகபுரி தாண்டியதும் அவருக்கு வாந்திபேதி கண்டது. வழியில் ஒரு சின்ன ஸ்டேஷனில் அவரை இறக்கி நான் கூட இருந்தேன். மற்றவர்களைக் கூட்டாளி அழைத்துப்போனார். பொழுது சாய்வதற்குள் மனிதர் போய்விட்டார். பாஷை தெரியாத ஆட்களிடம் கெஞ்சி ஓர் ஓடைக்கரையில் எரித்தேன். அவருடைய எலும்பைத்தான் காசிக்குக் கொண்டுபோக முடிந்தது.

இறந்துவிட்டார் என்று மட்டும் தந்தி கொடுத்திருந்தோம். காசியில்தான் என்று ஊரார் எடுத்துக்கொண்டார்கள். அவருடைய துணிமூட்டையோடு நாங்கள் போனபோது வாசல் நிறையச் சனம். நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுவது என்று வழியெல்லாம் மனசைத் திடப்படுத்திக்கொண்டு வந்திருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் கூட்டாளி ஆரம்பித்துவிட்டார்.

"விசுவநாதரைக் கண்குளிரப் பாத்துட்டுத்தானுங்க கண்ண மூடுனாரு."

அவரைக் கடித்துத் துப்பலாம் போல இருந்தது எனக்கு. ஆனால் வாசலில் இருந்த முகங்களைப் பார்த்தேன். அத்தனை பேரும் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் கையைக் கூப்பினேன்.

காசிக்குப் போகிறவர்கள் தங்களுக்குப் பிடித்த ஒரு பண்டத்தை அங்கே விட்டுவிட்டு வருவது வழக்கம். பிறகு ஆயுசுக்கும் அதைத் தொடமாட்டார்கள். இறந்தவருக்குத் திதி கொடுக்கையில் படையலில் அது சேரக்கூடாது என்பதால் அவருடைய தம்பி கேட்டார்: "அண்ணன் அங்க என்னத்தைங்க உட்டாரு?"

"கத்திரிக்காயுங்க" என்றார் கூட்டாளி, யோசிக்காமலே. பாதிப் பேர் அதைத்தான் விடுவார்கள்.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து எனக்கு ஆள் வந்தது. இறந்தவரின் மனைவி சமையற்கட்டில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். அழுத முகமாகத் தெரியவில்லை.

"ஏனுங்க, அவிய கத்திரிக்காயத் தொடவே மாட்டாங்களே. தின்னா ஒடம்பெல்லாம் தடிச்சுப்போகும். தின்னாததைப் போய் யாராச்சும் உடுவாங்களா?"

அவர் என் முகத்தை ஏறிட்டுப் பார்த்தார்.

"அவிய காசிக்கே போய்ச் சேரலை. அப்படித்தானுங்களே?"

"ஆமாங்க்கா. வழியிலயே போயிட்டாரு."

எந்த இடம், யார் கொள்ளி வைத்தது, தண்ணீர் கேட்டாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கேட்டார் என்றேன், நான்தான் கொடுத்தேன் என்றேன். அது ஒன்றுதான் அந்த நடை முழுவதிலும் சொல்லிக்கொள்ளும்படி நான் செய்தது.

"காசிக்குப் போகோணும், போகோணும்னு பத்து வருசமாச் சொல்லிட்டு இருந்தாங்க" என்றார். பிறகு முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்து நடைக்கதவு வரை வந்தார். நானும் பின்னால் வந்தேன்.

"தம்பி, அவரு வேற யாரோ உட்டதைச் சொல்லிப்போட்டாரு. இவருதான் கடைசி மட்டும் பக்கத்துல இருந்தவரு. உங்கண்ணன் உட்டது மாம்பழமாம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன்.

தம்பி அண்ணியின் பக்கம் திரும்பினார். "மாம்பழமா? கெணத்துமேட்டு மரத்துல ஒண்ணு பழுத்தாக்கூட எங்களுக்குக் காட்டாம தின்னுபோடுவாரே. அதையே உட்டாருன்னா, அண்ணன் நெசமாவே சாமியப் பாத்துருக்காரு, அண்ணி."

"ஆமா சாமி, பாத்துட்டாரு" என்று சொல்லும்போதே அந்த அம்மாளுக்குக் குரல் உடைந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்து, அன்றைக்கு முதல் தடவையாக வாய்விட்டு அழுதார்.