எசன் நம்பரை மாற்றிய கிழமை

நாங்கள் பிரிந்தபோது மனைவி ஹம்பேர்க்கில் வேலை எடுத்துப் போய்விட்டாள். நான் ஜேர்மனியின் எசன் நகரில் அதே வீட்டிலேயே இருந்தேன். தளபாடங்களைச் சண்டையில்லாமல் பிரித்துக்கொண்டோம். வீட்டுத் தொலைபேசியை மட்டும் இருவருமே மறந்துபோனோம். இணையவழித் தொலைபேசி நிறுவனம் ஒன்றில் அவள் பெயரில் எடுத்த நம்பர் அது. ஒரு வருடம் கழித்து அவள் என் கைபேசிக்கு அழைப்பு எடுத்தாள்.

“அந்தக் கொம்பனியை நிப்பாட்டப் போறன். எசன் நம்பரை இஞ்ச கொண்டுவர ஏலாதாம். விட்டிடவோ?”

“விடாதையும். நான் வேற கொம்பனிக்கு மாத்தி எடுக்கிறன்.”

“இந்தக் காலத்தில ஆர் வீட்டு நம்பருக்கு எடுக்கினம்?”

“உம்மட பெரியம்மா.”

அந்தப் பெரியம்மா எனக்கு மாமி முறை. பாரிஸ் நகரில் தனியே இருக்கிறார். நாங்கள் கல்யாணம் முடித்த காலத்திலிருந்து ஞாயிறு மத்தியானம் எடுப்பார். பிரிந்த பிறகு அவளுடைய ஆட்கள் எல்லோரும் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள். மாமி நிறுத்தவில்லை. முதல் ஞாயிறு, “அவ இல்லை மாமி” என்றேன். “தெரியும் தம்பி. நீங்கள் சாப்பிட்டாச்சோ?” என்றார். அதன் பிறகு முழங்கால் வலி, பழுதான லிஃப்ட், மீன் விலை என்று ஏதாவது பேசுவார். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்தால் திங்கள் காலை வரை நான் வாய் திறப்பது அந்த ஒரு அழைப்பில்தான்.

“எனக்கு அவ எடுக்கிறேல்லை,” என்றாள் மனைவி.

“உம்மட புது நம்பர் அவவிட்ட இருக்கோ?”

“குடுக்கேல்லை. என்ன கேப்பாவோ எண்டு பயம்.”

என் விண்ணப்பம் முதலில் திரும்பி வந்தது. ஒப்பந்தக்காரரின் பெயரும் என் பெயரும் பொருந்தவில்லையாம். புதிய நிறுவனத்துக்கு எடுத்துக் கேட்டேன். மனைவியின் கையெழுத்து வேண்டும் என்றாள் அங்கிருந்த பெண். “அவர் உங்களோடுதானே இருக்கிறார்?” என்று ஜேர்மனில் கேட்டாள். இல்லை என்றேன். அதை வெளி ஆள் ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. மனைவி மறுக்காமல் கையெழுத்துப் போட்டு அனுப்பினாள்.

வியாழக்கிழமை பழைய இணைப்பு போனது. புதியது சனிக்கிழமைதான் வந்தது. சரிபார்க்கக் கைபேசியிலிருந்து வீட்டு நம்பரை அழுத்தினேன். வீட்டு நடையில் மணி அடித்தது. போய் எடுத்து “ஹலோ” என்றேன். என் குரலே மற்றக் காதில் கொஞ்சம் பிந்தி வந்து சேர்ந்தது.

ஞாயிறு மத்தியானம் மாமியின் அழைப்பு வரவில்லை. பின்னேரம்வரை பக்கத்திலேயே இருந்தேன். விழுந்துகிழுந்து விட்டாரோ என்று பயமாக இருந்தது. அவருடைய நம்பர்கூட என்னிடம் இல்லை. எப்போதும் அவர்தான் எடுத்திருக்கிறார். மனைவிக்கு எழுதிக் கேட்டேன். உடனே அனுப்பினாள்.

“நான்தான் மாமி, எசனில இருந்து.”

“தம்பியோ? வெள்ளிக்கிழமை முழங்காலுக்கு ஊசி போட்டது. சொல்லுவமெண்டு எடுத்தன். ஒரு ஜேர்மன்காரி ஏதோ சொல்லிப்போட்டு வைச்சிட்டாள். நீங்களும் என்னை வெட்டிப்போட்டியள் எண்டு நினைச்சன்.”

“இல்லை மாமி. நம்பர் அதேதான். கொம்பனிதான் மாறினது. வெள்ளிக்கிழமை லைன் இல்லை, நீங்கள் கேட்டது மெசின் குரல்.”

“என்ர நம்பர் எப்பிடிக் கிடைச்சது?”

“அவ தந்தவ.”

“பிள்ளை சுகமாய் இருக்கிறாளோ? என்னில கோவமோ?”

“கோவமில்லை மாமி. நீங்கள் என்ன கேப்பியளோ எண்டு பயம்.”

“நான் ஒண்டும் கேக்கமாட்டன். அவளின்ர நம்பரைத் தாங்கோ.”

அவளிடம் கேட்டுவிட்டுத் தருகிறேன் என்றேன். மறுநாள் வேலைக்குப் போகும் ரயிலில் இருந்தபோது மனைவியின் பதில் வந்தது: “குடுங்கோ.”

அடுத்த ஞாயிறு மாமி வழக்கத்தைவிடப் பிந்தித்தான் எடுத்தார். ஹம்பேர்க்கோடு கனநேரம் கதைத்துவிட்டாராம், குரல் களைத்திருந்தது. சந்தோசம் மாமி, ஆறுதலாய் இருங்கோ என்று சொல்லி வைத்தேன். உண்மையில் சந்தோசம்தான். ஆனால் பின்னேரம் நீளமாகக் கிடந்தது. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நடக்கப் போனேன்.