பதுளையிலிருந்து பிரிக்காத பெட்டி

சனி, காலை 5.30. கொஸ்லந்தவுக்கு மேலே இருக்கிற எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து பஸ் வீதிக்கு இரண்டு கிலோமீற்றர் இறக்கம். 2008 ஒக்டோபர், விடாத மழை. அப்பா முன்னால் போனார், நான் பின்னால். அவர் சட்டைக்குள் அம்மாவின் சேவைக்காலப் பணம் இருந்தது. முப்பது வருடம் கொழுந்து பறித்துவிட்டு அந்த ஆண்டுதான் அம்மா வேலையை விட்டிருந்தாள். அந்தப் பணத்தில் எனக்கு மடிக்கணினி வாங்கத்தான் பதுளைக்குப் புறப்பட்டோம். திங்கட்கிழமை காலை கொழும்பில் ஒரு சின்ன மென்பொருள் கம்பனியில் நான் சேர வேண்டும். மேசையும் நாற்காலியும் அவர்கள் தருவார்கள், கணினி நாம்தான் கொண்டுபோக வேண்டும். இரண்டு ஜிபி மெமரியுள்ள, ஒழுங்காக வேலை செய்கிற கணினி இல்லாமல் வந்தால் இடம் வேறு ஆளுக்கு என்று தொலைபேசியில் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். பிழையாக எடுத்தால் இன்னொன்று வாங்க வழியில்லை.

புறப்படும்போது அம்மா தன் படங்கை மடித்துப் பையில் வைத்தாள். கொழுந்து பறிக்கும்போது மழைக்கும் செடிக்கும் இடுப்பில் சுற்றிக்கொள்வார்களே, அந்தத் தடித்த பிளாஸ்டிக் துணி.

“வரும்போது பொட்டிய இதுல சுத்திக் கொண்டாங்க. பிரிச்சிறாதீங்க. நாளைக்குப் பூசையில சாமி மந்திரிச்ச பொறகுதான் பிரிக்கணும்,” என்றாள்.

எங்கள் தோட்டத்துக் கத்தோலிக்க வேதக்காரர் வீடுகளில் அது சட்டம். ரேடியோவோ தையல் மெஷினோ, புதுச் சாமான் எது வந்தாலும் முதலில் கோவில். நான் தலையாட்டினேன்.

7.15, பெரகல. சந்தியில் ஆளுக்கு ஒரு பிளேன்டீ குடித்தோம், அப்பா ஒரு வடையும் தின்றார். ஹப்புத்தளை பஸ்ஸில் ஏறி, அங்கிருந்து பண்டாரவளை வழியாகப் பதுளை. வழியெல்லாம் நான் மனப்பாடம் செய்துகொண்டே போனேன்: மெமரி, புரொசசர், பற்றரி, கீபோர்ட். பற்றரி எனக்குப் பெரிய கவலை. கொழும்பில் கரண்ட் இருக்கும், ஆனால் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தால்? பொழுது சாய்ந்து லயத்தில் எல்லாரும் லைற்றைப் போட்டதும் எங்கள் பல்ப் நெருப்புக்குச்சி போல மங்கிவிடும். அந்தக் கரண்டை நம்பிப் புரோகிராம் எழுத முடியாது. ஹாலிஎல தாண்டும்போது அப்பா கேட்டார்:

“நல்ல மிசினுன்னா எப்புடித் தெரியும்?”

“ஓட விட்டுப் பாத்தாத்தான்பா தெரியும்.”

“அதான் நானும் நெனச்சேன்,” என்றார். தேயிலைப் பெக்டரியில் மெஷினோடு வாழ்ந்தவர். சரி, கடையிலேயே ஓட விட்டுப் பார்க்கச் சம்மதிப்பார், ஒருமாதிரித் தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டேன்.

10.40, பதுளை. பஸ் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடை. கடை முதல் மாடியில் இருந்தது. கடைக்காரத் தம்பி யாழ்ப்பாணத்துப் பக்கம், பேச்சிலேயே தெரிந்தது. இரண்டு கணினிகளை மேசையில் வைத்தார். ஒன்று பதினேழு அங்குலத் திரை, ஒரு ஜிபி மெமரி, எண்பத்து நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய். மற்றது பதினாலு அங்குலம், இரண்டு ஜிபி, தொண்ணூற்றோராயிரம். அப்பா இரண்டையும் தூக்கித் தூக்கிப் பார்த்தார். பெரியதைக் கீழே வைக்க அவருக்கு மனமில்லை.

“இது நல்ல கனம். மிசினுன்னா கனமா இருக்கணும்ல?”

“ஐயா, லெப்டொப் எண்டா பாரம் குறைய இருக்கிறதுதான் நல்லது. பிள்ளை தோளில கொண்டு திரியோணுமெல்லே,” என்றார் தம்பி.

“அது வெலையும் கூட, எடையும் கொறையவா?” அப்பாவுக்கு நியாயம் பிடிபடவில்லை.

காட்சிக்கு வைத்திருந்த சின்னதில் நான் உட்கார்ந்து தட்டிப் பார்த்தேன். விசைகள் விரலுக்குக் கீழே மெத்தென்று இறங்கின. புரோகிராம் எழுதும் மென்பொருளையும் டேட்டாபேசையும் தம்பி ஒன்றாகத் திறந்து காட்டினார், திணறவில்லை. பற்றரி மூன்று மணித்தியாலம் நிற்குமாம். “இதுதான்பா,” என்றேன். பெரியதை எடுத்தால் மிச்சமாகிற ஆறாயிரத்து ஐந்நூறு அம்மாவின் மூன்று மாதக் கைச்செலவு. அப்பா என் முகத்தைப் பார்த்தார், பிறகு சட்டைக்குள் கையை விட்டார்.

தம்பி உள்ளே போய் புதுப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் ஒட்டியிருந்த சீலைக் கிழிக்கக் கத்தியையும் எடுத்தார்.

“இருங்க தம்பி. பிரிக்க வேணாம்,” என்றார் அப்பா.

“ஐயா, ஒருக்காப் போட்டுப் பார்த்திட்டுக் கொண்டு போங்கோ. பழுது எண்டா இப்பவே மாத்தித் தரலாம்.”

“ஓட விட்டுத்தான் பாத்தாச்சே, அந்தா. இது சாமிக்கு முன்னாடி பிரிக்க வேண்டியது. அதோட, பிரிச்ச கோதும மா மூட்டையில எடை நிக்காது தம்பி, நாங்க பாக்காததா?”

ஓடியது வேறு, இந்தப் பெட்டிக்குள் இருப்பது வேறு என்று எப்படிச் சொல்வேன்? சொன்னேன். அப்பா கேட்டுக்கொண்டார், ஆனால் அசையவில்லை. “அம்மா காசு. அம்மா சொன்னா சொன்னதுதான்,” என்றார். ஞாயிறு கடை பூட்டு, திங்கள் காலை நான் கொழும்பில். பெட்டிக்குள் இருப்பது பழுதென்றால் மாற்ற ஒரு மணி நேரம்கூடக் கிடையாது. தம்பி கத்தியை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பாவமாகப் பார்த்தார்.

பிற்பகல் ரயில். பஸ்ஸில் குலுங்கும் என்று அப்பா ரயிலைத் தேர்ந்தெடுத்தார். ஹப்புத்தளைக்கு மூன்றாம் வகுப்பு, ஆளுக்கு நாற்பது ரூபாய். பெட்டி என் மடியில். தெமோதரையில் ரயில் முதலில் ஸ்டேஷனுக்குக் கீழே சுரங்கத்தில் புகுந்து, மலையைச் சுற்றி ஏறி, அதே ஸ்டேஷனில் வந்து நிற்கும். பார்க்காதவர்களுக்கு அதிசயம்தான். நான் வெளியே பார்க்கவில்லை. சுரங்கத்து இருட்டில் பெட்டியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, மாதாவே, மாதாவே என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

தெமோதரையில் ஏறிய ஒரு தோட்டத்து அக்கா எதிரில் உட்கார்ந்தாள்.

“டீவிங்களா?”

“கம்பியூட்டருங்க. மகளுக்குக் கொழும்புல வேல,” என்றார் அப்பா.

“தனியாவா போவுது?”

அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டார். “தனியா இல்லீங்க. இதுவும் கூடப் போவுதில்ல,” என்றார். சிரித்துத்தான் சொன்னார். அன்றுவரை என் பயம் மட்டும்தான் பயம் என்று இருந்திருக்கிறேன்.

ஹப்புத்தளையில் இறங்கும்போது முகில் ரோட்டிலேயே படுத்திருந்தது, மழையும் பிடித்துக்கொண்டது. அப்பா படங்கை விரித்துப் பெட்டியைக் குழந்தையைப் போலச் சுற்றினார். நாங்கள் இருவரும் தெப்பமாக நனைந்து வீட்டுக்கு வந்தோம். பெட்டியில் ஒரு சொட்டு ஈரமில்லை.

ஞாயிறு, காலை 8.00. எங்கள் தோட்டத்துக் கோவில் ஒரே அறை, தகரக் கூரை. பூசை முடிந்ததும் சாமியார் பெட்டியைப் பீடத்துக்கு முன்னால் வைக்கச் சொன்னார். லயத்துச் சனம் சுற்றி நின்றது. அம்மாவே பெட்டியின் சீலைக் கிழித்தாள். நான் கணினியை எடுத்து வைத்ததும் சாமியார் தீர்த்தச் செம்பைக் கையிலெடுத்தார்.

“சாமி, மூடியே இருக்கட்டும். மேலால மட்டும் தெளிங்க. தண்ணி உள்ள போனா செத்துப் போயிரும்.”

“ஆண்டவரோட தண்ணிக்கே பயமா ஒனக்கு?” என்று சிரித்தார். ஆனாலும் மூடியின் மேல் இரண்டு துளிதான் தெளித்தார், அதையும் தன் அங்கியின் கையால் துடைத்துவிட்டார்.

திறந்தேன். பொத்தானை அழுத்தினேன்.

ஒன்றுமில்லை. கறுப்பு. இன்னொரு தடவை அழுத்தினேன். பின்னாலிருந்து யாரோ “ஐயோ பாவம்” என்றார்கள். அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. “நாந்தான் பிரிக்கவுடல,” என்று மெல்லச் சொன்னார். பற்றரியில் சார்ஜ் இல்லாமல் இருக்கலாம் என்று எனக்குப் புத்திக்குப் பட்டது. சார்ஜர் வயரை எடுத்தால் அதன் முனை சதுரம், கோவில் சுவரில் உருண்டைத் துளை. சாமியார் ஓடிப்போய் ஸ்பீக்கர் வயரில் மாட்டியிருந்த மாற்றுப் பிளக்கைப் பிடுங்கிவந்து கொடுத்தார். செருகி அழுத்தினேன்.

சின்னதாய் ஒரு நீல வெளிச்சம். விசிறி மூச்சுவிடும் சத்தம். திரை விழித்தது. அப்பா அப்படியே வாங்குப் பலகையில் உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்சம் பொறுத்துத் திரையில் ஒரு கட்டம் வந்தது.

“என்னா கேக்குது?” என்றாள் அம்மா.

“பேரு கேக்குதும்மா. சொந்தக்காரவுங்க பேரு.”

“ஒம்பேர அடி.”

நான் அந்தோனியம்மா என்று அடித்தேன். அம்மாவுக்கு ஆங்கில எழுத்துத் தெரியாது. சாமியார்தான் சத்தமாக வாசித்தார். அம்மா சட்டென்று நிமிர்ந்து நின்றாள்.

“பெரட்டுல கூப்புடுற மாதிரியே இருக்கு,” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். முப்பது வருடம் விடியற்காலையில், வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டில், அந்தப் பெயரைக் கூப்பிட்டுத்தான் அவளை மலைக்கு அனுப்பினார்கள்.

திங்கள், காலை 8.30, கொழும்பு. எங்கள் கோவிலைவிடக் கொஞ்சம் பெரிய அறை, குளிரூட்டி, எட்டு மேசை. மேனேஜர் என் திரையைக் குனிந்து பார்த்தார். இரண்டு ஜிபி சரி என்றார். பிறகு, “ரீட்டா என்றுதானே சொன்னீர்கள்? இது யார், அந்தோனியம்மா?” என்று கேட்டார்.

“இதோட சொந்தக்காரி, சேர். அவங்க பேருல நான் வேலைக்கு வந்திருக்கேன்,” என்றேன்.

அவருக்கு விளங்கியதா தெரியாது. அந்த நேரத்தில் எங்கள் மலையில் பெரட்டு முடிந்து கொழுந்துக்குப் போயிருப்பார்கள். அம்மா வீட்டில் இருப்பாள்.