கடலுக்குப் போன அடுப்புக்கரி

யுத்தம் எங்கேயோ நடந்தது. அதன் விலை மட்டும் எங்கள் கரையான்சாவடிக்குத் தவறாமல் வந்து சேர்ந்தது. முதலில் மண்ணெண்ணெய், பிறகு துணி, அதற்கப்புறம் பெட்ரோல். பெட்ரோல் விலை ஏறினால் உனக்கென்ன, நீ என்ன மோட்டாரா வைத்திருந்தாய் என்று கேட்பீர்கள். மோட்டார் இல்லைதான். ஆனால் வருஷத்தில் ஒரே ஒரு நாள், காணும் பொங்கலன்று, எங்கள் தெருப் பெண்கள் சேர்ந்து ஒரு பஸ்ஸை வாடகைக்குப் பேசிக்கொண்டு பட்டணத்துக் கடற்கரைக்குப் போய் வருவோம். மற்ற நாளெல்லாம் மாடு, வயல், அடுப்பு. அந்த ஒரு நாளில்தான் எங்கள் மூக்கில் புகையில்லாத காற்று ஏறும். அதிலும் கை வைத்தால் கோபம் வராதா?

விலை ஏறியதோடு விடவில்லை, இவ்வளவுதான் பெட்ரோல் என்று அளந்து கொடுக்கும் கூப்பனும் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாட்டுக் கூடையோடு பூந்தமல்லி மாந்தோப்புகளுக்கு வந்துகொண்டிருந்த பட்டணத்துக் கார்கள் ஒவ்வொன்றாகக் குறைந்து, நின்றே போயின. எங்கள் பக்கத்தில் கார் வைத்திருந்த ஒரே பெரிய மனிதர் அதைக் கொட்டகையில் தள்ளிக் கோணியைப் போட்டு மூடினார். கொஞ்ச நாளில் பின் சீட்டில் கோழி அடைகாத்தது. பஸ் முதலாளியோ எங்களைப் பேசவே விடவில்லை.

"ஊர் சுத்தறதுக்கா? ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கே பெட்ரோல் இல்லம்மா" என்று கையை விரித்துவிட்டார்.

இரண்டு காணும் பொங்கல் வீட்டிலேயே கழிந்தன. கரும்பைக் கடித்துக்கொண்டு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். பார்க்கும்படியான முகங்களாக அவை இல்லை.

பிறகு கரி பஸ் வந்தது. பஸ்ஸின் முதுகில் ஆளுயரத்துக்கு ஓர் இரும்புப் பீப்பாய். அதில் அடுப்புக்கரியைக் கொட்டி, அடியில் தீ மூட்டி, பக்கத்திலிருக்கும் சக்கரத்தைக் கையால் சுற்றி ஊத வேண்டும். உள்ளே கனன்று வரும் வாயு குழாய் வழியாகப் போய் இஞ்சினை ஓட்டும். ஓட்டம் என்னவோ பிள்ளைத்தாச்சி நடைதான். மேடு வந்தால் இறங்கித் தள்ள வேண்டும். ஆனாலும் அது பெட்ரோல் கேட்கவில்லை, அது போதும் எங்களுக்கு.

முதலாளியிடம் மறுபடியும் போனோம். ஊரிலுள்ள பஸ்ஸெல்லாம் கரி தின்ன ஆரம்பித்திருந்ததால் கரி விலையும் மேலே போயிருந்தது. "வண்டி தரேன். கரி உங்களுது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அத்தனை மூட்டைக் கரிக்கு நாங்கள் எங்கே போவது?

அப்போதுதான் என் ஓரகத்தி வாயைத் திறந்தாள்.

அவள் என் கணவருடைய அண்ணன் மனைவி. ஒரே வீடு, ஒரே அடுப்படி. விறகு விஷயத்தில் அவளைப் போல ஒரு கருமியை நான் கண்டதில்லை. உலை கொதித்த மறு நிமிஷமே விறகை வெளியே இழுத்துவிடுவாள். மீதிச் சோறு கனலிலேயே வேக வேண்டும். இழுத்த கொள்ளியைத் தட்டி, விழுந்த தணலை ஒரு பழைய பானையில் அள்ளிப் போட்டு, காற்றுப் புகாமல் மூடி அணைப்பாள். மறுநாள் அது கரி. நானோ அடுப்பு முழுக்கத் திணித்து எரிப்பவள். என் பக்கம் தீ எழுந்தால் அவளுக்கு நெஞ்சு படபடக்கும்.

"அக்கா, நாளைக்கு சுடுகாட்டுல உன்னைக் கொளுத்தச் சொல்லோ கூட பாதி வெறகை உருவிக்கினு எழுந்து வந்துடுவே" என்று நான் கேலி செய்வேன். "வருவேன். உன்னை நம்பி உட்டுட்டுப் போவ முடியுமா?" என்பாள்.

அவள் எங்களை மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள். வரிசையாகப் பானைகள், வாய் வரை கரி. இரண்டு வருஷத்துக் கரி. "இத்த எடுத்துக்குங்க. பத்தாததுக்கு நாளையிலருந்து அல்லா ஊட்லயும் சேருங்க" என்றாள். கேலி செய்த வாய் அன்றைக்குச் சரியாக மூடிக்கொண்டது.

மார்கழி முழுக்கத் தெருவே கரி சேர்த்தது. டிரைவர் எங்கள் தெருப் பையன்தான், கல்யாணமானவன், எங்களையெல்லாம் அண்ணி என்றே கூப்பிடுவான். ஈரக்கரி ஆகாது, பொடி ஆகாது என்று அவன் சொல்லி வைத்திருந்தான். நாங்கள் கரியை முற்றத்தில் பரப்பிக் காய வைத்து, பொடியைச் சலித்துத் தள்ளினோம். வடகம் காயவைத்தால்கூட அத்தனை காவல் காத்திருக்க மாட்டோம்.

ஒரு சங்கதி எனக்கு அப்போதுதான் உறைத்தது. அக்கா கடலைப் பார்த்ததே இல்லை. வருஷா வருஷம் காணும் பொங்கலன்று நாங்கள் கிளம்பும்போது, மாடு கறக்க ஆள் வேண்டும், விளக்கேற்ற ஆள் வேண்டும் என்று அவள் நின்றுவிடுவாள். நாங்களும் சரி என்று ஏறிப் போய்விடுவோம். இந்தத் தடவை கரியே அவளுடையது. அவளை வீட்டில் விட்டுவிட்டு அவள் கரியில் நாங்கள் கடல் பார்ப்பதா? பெண்கள் எல்லோருமாகப் போய் அவள் கணவரை வாசலிலேயே மடக்கினோம். "சரி சரி, மாட்டை நான் பாத்துக்கிறேன், கத்தாதீங்க" என்று அவர் ஒத்துக்கொண்டார். அன்று முழுக்க அக்கா யாரோடும் பேசவில்லை. சந்தோஷம் வந்தால் அவளுக்கு வாய் அடைத்துவிடும்.

காணும் பொங்கலன்று விடிந்ததும் பஸ் வந்தது. மூட்டைகளைக் கூரையில் ஏற்றினோம். முந்திய இரண்டு நாளும் பொங்கப்பானை வைத்த அடுப்புகளில் விழுந்த தணலை, நல்ல நாள் தீ, வண்டிக்கு நல்லது என்று ஆளாளுக்கு அணைத்துக் கடைசி நேரத்தில் மூட்டைகளில் கொட்டியிருந்தோம். அதுதான் வினையாகப் போயிற்று.

நெற்குன்றம் தாண்டும்போது பின்னால் வந்த மாட்டுவண்டிக்காரர் கத்தினார். "யோவ், மேலே எரிதுய்யா!" எந்த மூட்டையிலோ ஒரு தணல் சாகாமல் இருந்திருக்கிறது. பஸ் போன வேகத்தில், அதுவும் ஒரு வேகமென்றால், காற்றுப் பட்டுப் பிடித்துக்கொண்டது. இறங்கி ஓடினோம். டிரைவர் மேலே ஏறி எரிந்த மூட்டைகளைச் சாலையோரத் தண்ணீரில் உருட்டிவிட்டான். சுர்ரென்று ஆவி எழும்பியது. யாருடைய மூட்டை என்று யாரும் கேட்கவில்லை. எல்லோருமே கொட்டியிருந்தோம்.

டிரைவர் மிச்சத்தைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான். "போவலாம், வரலாம். ஆனா அங்க நிறுத்தி வெச்சிருக்கச் சொல்லோ தீ அணையக் கூடாது. அணைஞ்சா மறுபடியும் மூட்டறதுக்கே ஒரு கூடை தின்னுடும். அப்பறம் ஊடு வந்து சேராது."

திரும்பிவிடலாமா என்று ஒருத்தி மெதுவாக இழுத்தாள். நான் அவளைப் பார்த்த பார்வையில் அவள் அப்புறம் பட்டணம் வரை வாயே திறக்கவில்லை.

கடற்கரைச் சாலைக்கு வந்ததும் போலீஸ்காரர் எங்கள் புகையைப் பார்த்து உள்தெருவுக்கு விரட்டினார். ஒரு பெரிய மதிலோரம் மரத்தடியில் வண்டி நின்றது. அங்கிருந்து கடல் கேட்கும், தெரியாது. அக்கா இறங்கி நின்று காது கொடுத்தாள்.

"இன்னாடி சத்தம் அது? மில்லு ஓடுதா?"

"அதான்கா கடல்" என்றேன். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள், ஏதோ பெரிய மனிதரைப் பார்க்கப் போகிறவள் மாதிரி.

அந்த நேரம் பார்த்து டிரைவர் சக்கரத்தைச் சுற்ற ஆரம்பித்தான். வழக்கமாகச் சக்கரம் சுற்றும் கையாள் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தான், இவனுக்கு அந்த வேலை பழக்கமில்லை. தீ அணைந்துவிடுமோ என்ற பயத்தில் மேளம் அடிக்கிற மாதிரி சுற்றினான். உள்ளே கரி தகதகவென்று எரிந்து உட்கார்ந்தது. அக்காவால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"இன்னா நைனா இது, கொள்ளை போற மாதிரி எரிக்கிறே! உடு, நான் பாக்கறேன்" என்று கைப்பிடியைப் பிடுங்கினாள். எங்களைப் பார்த்து, "நீங்க போங்கடி, நான் பின்னாலேயே வரேன்" என்றாள். ராத்திரி பகலாகக் கண் விழித்து வந்த டிரைவர் மர நிழலில் சாய்ந்தான், அவ்வளவுதான், குறட்டை.

நாங்கள் மணலில் ஓடினோம். நான் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாலையையே பார்த்தபடி உட்கார்ந்தேன். இதோ வருவாள், இதோ வருவாள் என்று பார்த்து, கட்டுச்சோறும் அவிழ்த்தாகிவிட்டது. அவள் வரவில்லை. வரமாட்டாள் என்று எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும். எரிகிற தீயை விட்டுவிட்டு அவள் எங்கே வருவாள்? எனக்கு வந்த ஆத்திரத்தில் சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் எழுந்து நடந்தேன்.

அவள் மதிலில் சாய்ந்துகொண்டு, ஒரு கண் தீயில், ஒரு கை கைப்பிடியில். கொஞ்சம் சுற்றுவாள், நிறுத்துவாள், அடித்துவாரத்தில் குனிந்து பார்ப்பாள். கனல் எரியவும் இல்லை, அணையவும் இல்லை. தூங்குகிற குழந்தையைத் தட்டிக் கொடுப்பது போல அத்தனை பெரிய பீப்பாயை அவள் வைத்திருந்தாள். கோபத்தோடு வந்தவள் கோபத்தையே மறந்து போனேன். இவளுடைய கைப்பக்குவத்தை இத்தனை வருஷம் கருமித்தனம் என்று சொல்லிக்கொண்டிருந்தேனே!

"எழுந்திரு, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

"நீயா? மொத்தத்தையும் கொளுத்திடுவே."

"அக்கா, உன் பக்கத்துலயே நின்னு எத்தினி வருசமா பாத்துக்கினு கீறேன். கத்துக்கலன்னா நினைக்கிறே? செய்யறதுக்குத்தான் பொறுமை இல்லாம இருந்துது. இன்னிக்கு கீது. போ."

அவள் அசையவில்லை. "அணைஞ்சுடுச்சின்னா கைப்புள்ளைங்களை வெச்சிக்கினு அத்தினி பேரும் நடந்து வரணும்டி" என்றாள். அவளுக்குக் கடல் பார்க்க ஆசை இல்லாமல் இல்லை. சத்தம் வரும் பக்கமாகவே அவள் கண் போய்ப் போய் வந்தது. நான் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கைப்பிடியை வாங்கினேன். முதுகில் கை வைத்துத் தள்ளினேன். நாலு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள்.

அவள் போன பிறகு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவள் மாதிரியே சுற்றினேன், அவள் மாதிரியே நிறுத்தினேன். கனல் கொஞ்சம் மங்கினால் என் உயிரே மங்கியது. இரண்டு தோளும் விண்டு போயின. அவள் தினமும் மூன்று வேளை இந்தக் கவனத்தோடுதான் அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள் என்பது அந்த மதிலோரத்தில்தான் என் மண்டையில் ஏறியது.

வெயில் சாயும்போது எல்லோரும் வந்தார்கள். அக்கா இடுப்பு வரை நனைந்திருந்தாள், தலையெல்லாம் மணல். வந்ததும் நேராகக் குனிந்து அடித்துவாரத்தைப் பார்த்தாள். கனல் இருந்தது.

"அணைக்கல நீ" என்றாள். அதைவிடப் பெரிய பாராட்டு என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்ததில்லை. பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ரோட்டைப் பாத்துக்கினே குந்தினு இருந்தியாமே. நீ கடலைப் பாக்கலியே?"

"நான்தான் போறப்பல்லாம் பாத்தவளாச்சே."

"இந்த வருசம் பாக்கலியே?"

டிரைவர் எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினான். அக்கா முன்னால் போய் அவனிடம் சொன்னாள். "பீச் ரோட்டோட அந்தக் கோடி வரிக்கும் ஒரு தபா போய்ட்டு அப்பறம் ஊருக்குத் திருப்பு."

"அண்ணி, கரி கணக்கா கீது. இப்ப சுத்தினா ஊடு வரிக்கும் தாங்காது."

"தாங்கற வரிக்கும் போ. அப்பறம் கால் கீதில்ல?"

சொல்லிவிட்டு அவளே பின்னால் வந்து, ஒரு கூடைக் கரியைத் தூக்கிப் பீப்பாயில் கவிழ்த்தாள். கையால் அள்ளி, அளந்து பார்த்து அல்ல. ஒரேயடியாக. எந்தப் பெண்ணும் வேண்டாமென்று சொல்லவில்லை.

எங்களை விரட்டிய போலீஸ்காரரை அந்த நேரத்தில் காணோம். பஸ் கடற்கரைச் சாலையில் போயிற்று. அக்கா என்னை ஜன்னலோரம் தள்ளி உட்கார வைத்து, என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, "அத்த பாரு, அத்த பாரு" என்று காட்டிக்கொண்டே வந்தாள், என்னவோ நான்தான் கடலைப் பார்த்திராதவள் போல. நான் அழுதேன். புகை என்று சொல்லிக்கொண்டேன்.

வேலப்பன்சாவடியில் வண்டி நின்றுவிட்டது. பீப்பாயில் சாம்பல்தான் இருந்தது. விளக்கு வைக்கும் நேரத்தில் குழந்தைகளை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நாங்கள் நடந்தோம். இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். அக்காவின் காதில் அது விழவே இல்லை. காய்ந்து விறைத்த புடவையோடு எல்லோருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தாள். அலை எப்படி வந்தது, எப்படிக் காலை வாரிவிட்டது, எத்தனை தண்ணீர் என்று வீடு வந்து சேரும் வரைக்கும் எங்களுக்கே சொல்லிக்கொண்டு வந்தாள்.