பதினைந்து கோல்

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகளுக்கு நிலம் எடுத்தபோது, அந்த ஆபீஸில் நான் தற்காலிகக் குமாஸ்தா. பழைய வரைபடங்களில் லிங்க் கணக்கில் இருந்த நீளங்களை மீட்டராக மாற்றி எழுதுவதுதான் வேலை. நிலம் அளக்கும் சங்கிலி அறுபத்தாறு அடி. அதில் நூறு லிங்க். ஆக, ஒரு லிங்க் இருபது சென்டிமீட்டரும் கொஞ்சமும். காலையில் உட்கார்ந்தால் மாலை ரயிலுக்குக் கிளம்பும்வரை பெருக்கல்தான், செக்குமாடு மாதிரி. ஆனாலும் கணக்கில் நான் புலி என்று ஒரு நினைப்பு இருந்தது. அந்த நினைப்பின் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம்.

ஒரு தாளில், ஏரிக்கரையிலிருந்து ஒரு கிணறு வரைக்கும் நூற்றெண்பது லிங்க் என்று இருந்தது. முப்பத்தாறு மீட்டர் என்று எழுதி, கீழே என் கையெழுத்தையும் போட்டேன். கரையிலிருந்து நாற்பது மீட்டர் வரை ரோட்டுக்கு எடுப்பதாகத் திட்டம். அதனால் கிணறு உள்ளே விழுந்தது. கரையின் பழைய விளிம்பு மழையில் கரைந்து போயிருந்தது. அளக்கப் போனவர்கள் கிணற்றையே அடையாளமாக வைத்து, அதற்கு நாலு மீட்டர் அப்பால் எல்லைக்கல் நட்டுவிட்டு வந்தார்கள்.

மறுவாரம் கிணற்றுக்காரர் ஆபீஸுக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும். ஒன்றரை ஏக்கர் நெல்லுக்கு அந்த ஒரு கிணறுதான், கதிர் வெளிவரும் நேரம் என்றார்.

"நாப்பது மீட்டருக்கு எத்தினி கோலு சார்? கரைலருந்து கெணறு பதினஞ்சு கோலு. எங்க நைனா கெணறு வெட்டறப்போ அளந்தது."

கோல் கணக்கெல்லாம் மலையேறிப் போய் வெகுகாலம் ஆகிறது என்று கிண்டல் செய்தேன். அவர் நகரவில்லை. சரி, போட்டுக் காட்டி அனுப்பிவிடலாம் என்று பென்சிலை எடுத்தேன். அவர்கள் கோல் பன்னிரண்டு அடி. பதினைந்து கோலுக்கு நூற்றெண்பது அடி.

அதே நூற்றெண்பது. தாளைத் தேடி எடுத்துப் பார்த்தேன். மூலையில், மங்கிய மையில், ஏரி மராமத்துக்காக வரைந்தது என்று இருந்தது. ஏரி வேலைக்காரர்களின் சங்கிலி நூறடி. அதிலும் நூறு லிங்க்தான். ஆனால் ஒரு லிங்க் ஒரு முழு அடி. அப்படியானால் கிணறு ஐம்பத்தைந்து மீட்டர் தள்ளி இருக்கிறது. ரோட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

விசாரித்துச் சொல்கிறேன் என்று அவரை அனுப்பிவிட்டு, தாளோடு தலைமை சர்வேயரிடம் போனேன். அவர் அதை வாங்கிப் பார்த்தார்.

"ஃபைலு மெட்ராஸ் போயாச்சு. கீழ இருக்கிறது உன் கையெழுத்து. வேலை வோணுமா, கெணறு வோணுமா, நீயே சொல்லு."

எனக்கு வேலை வேண்டியிருந்தது. பத்தே நாளில் லாரி லாரியாக மண் கொட்டிக் கிணற்றைத் தூர்த்தார்கள். நெல் பால் பிடிக்காமல் பதராய்ப் போயிற்று என்று ஊர்க் கர்ணம் வந்து சொன்னார். நான் தலை நிமிராமல் பெருக்கிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருஷம் என்னை நிரந்தரமாக்கினார்கள். அதே ரோட்டில் ஒரு தொழிற்சாலைக்கு வேலையாகப் போனேன். வாசலில் காக்கிச் சட்டையோடு வாட்ச்மேனாக அவர்தான் நின்றார். உச்சி வெயில். என்னை அடையாளம் கண்டு, உட்காரச் சொல்லி, பானையிலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்தார். நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.

"ஒண்ணு கேக்கணும் சார். எங்க நைனா தப்பா அளந்துட்டாரா?"

சுற்றிலும் யாரும் இல்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் என் வேலை போயிருக்காது. பழைய கோல்தானே, கூடக்குறைய இருக்கும் என்றேன்.

அவர் ரோட்டைப் பார்த்தார்.

"அப்டித்தான் இருக்கும். சாவுற வரைக்கும் பதினஞ்சு, பதினஞ்சுன்னே சொல்லிக்கினு இருந்தாரு" என்று சொல்லி, என் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டார்.