அம்மாவுக்கு எதிரே விட்ட இடம்

1986 ஜூன் 16, திங்கட்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு எங்கள் வீட்டுப் பள்ளிக்கூடம் தொடங்கியது. மாணவர்கள் இருவர்: இறந்துபோன என் அக்காவின் மகனும் மகளும். அவனுக்கு எட்டு வயது, அவளுக்கு ஆறு. அன்று காலைதான் ஊர்ப் பள்ளிக்கூட வாசலில் சின்னவள் என் விரலை விடாமல் நின்று, கடைசியில் வாந்தியெடுத்தாள். அடுத்த ஜூனில் பார்க்கலாம் என்றார் தலைமையாசிரியர். அவள் இல்லாமல் பெரியவனும் உள்ளே போக மறுத்தான். இருவரையும் வீட்டுக்கு அழைத்துவந்து சமையலறைத் தரையில் உட்காரவைத்து, அடுப்பில் ஆறியிருந்த கரித்துண்டுகளை ஆளுக்கொன்றாகக் கொடுத்தேன்.

அக்கா அந்த ஏப்ரலில் மஞ்சள்காமாலையில் இறந்தாள். அவள் கணவருக்கு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. பிள்ளைகளை எங்களிடம் விட்டிருந்தார். நான் இளங்கலைத் தமிழ் முடித்து, அஞ்சல் வழியில் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். கணக்கை அப்பா எடுத்துக்கொண்டார். வரலாறு என் பங்காயிற்று.

எங்கள் ஊரைச் சுற்றியிருந்த கொல்லைகளில் நடுகற்கள் நின்றன. மாடு மீட்கப் போயோ புலியோடு மோதியோ இறந்தவனுக்காக நட்டவை. ஊரார் அவற்றை வேடியப்பன் என்று கும்பிட்டார்கள். மாமா, அதாவது அக்காவின் கணவர், வரும்போதெல்லாம் தொழிற்சாலையில் கழித்துப்போட்ட டிரேசிங் தாளைச் சுருட்டிக் கொண்டுவந்து தருவார். அதைக் கல்லின்மேல் விரித்துப் பிடித்துக் கரியால் தேய்த்தால் வாளும் கொண்டையும் பழைய எழுத்தும் மெல்ல மேலே வரும்.

ஒரு நாள் ராகிக் கொல்லையில் களை வெட்டிக்கொண்டிருந்த அம்மாள் ஒருவர் எங்கள் தாளைப் பார்த்து நிமிர்ந்தார்.

"என்னாம்மா, கம்பெனிக்கு எடம் அளக்கறீங்களா?"

"ஆமா. வேடியப்பனுக்கு வேல போட்டுக் குடுக்கறோம்," என்றான் பெரியவன்.

"அவரு எப்பவும் நின்னுகினுதான இருக்கறாரு, வாச்மேன் வேல குடு. கூடவே எம்மவனுக்கும் ஒண்ணு பாரு."

சிரித்துக்கொண்டே களைக்கொத்தைக் கீழே போட்டவர், தான் குடிக்க வைத்திருந்த தண்ணீரில் பாதியைக் கல்லின் தலையில் ஊற்றிக் கும்பிட்டார். "வெயில்ல நிக்கறாரு, பாவம்," என்றார். தண்ணீர் வழிந்து முடியும்வரை சின்னவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் பாடத்துக்கு ஒரே ஒரு விதி. கல்லில் கண்டதை மட்டுமே சொல்ல வேண்டும். எழுத்து சிதைந்திருந்தால் ஊகித்து நிரப்பக் கூடாது. அந்த அளவுக்கு இடம் விட்டுவிட வேண்டும்.

மாசியில் ஏரி மண்ணைப் பிசைந்து ஆளுக்கொரு நடுகல் செய்யச் சொன்னேன். பெரியவன் புலியைக் குத்தும் வீரனைச் செய்தான். புலி பூனையைப் போல வந்துவிட்டதென்று அவனே சிரித்துக்கொண்டான். சின்னவள் செய்தது ஒரு பெண்ணை. கொண்டை, சிறு மண்ணுருண்டையில் மூக்குத்தி, கையில் கரண்டி. யாரென்று நான் கேட்கவில்லை.

"அம்மா சண்டையா போட்டாங்க?" என்றான் அவன்.

"போட்டாங்க. உனக்குத் தெரியாது."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "சித்தி, அவனுக்குப் புலி இருக்குது. அம்மாவ எது குத்துச்சி? எதிர்ல எத வெக்கறது?"

காமாலையை மண்ணில் எப்படிச் செய்வது? தெரியவில்லை என்றேன்.

"அப்பிடின்னா எடம் உட்டுடறேன்."

கரண்டிக்கு எதிரே ஓர் உள்ளங்கை அகலத்துக்கு ஈரவிரலால் தடவித் தடவி வழவழப்பாக்கி, அதை வெறுமையாக விட்டாள். நான் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

இரண்டு கற்களையும் துணி துவைக்கும் கல்லின்மேல் வெயிலில் காயவைத்தோம். குயவர் அடுத்துச் சூளை வைக்கும்போது கொடுத்துச் சுடுவதாக இருந்தோம். அதற்குள் மாமா வந்தார். அவர் மறுமணம் செய்து ஒரு மாதம் ஆகியிருந்தது. பெண்ணுக்கு அத்திப்பள்ளிப் பக்கம், வீட்டில் கன்னடம். பிள்ளைகளை அழைத்துப்போக வந்திருந்தார். என்றாவது வருவார் என்பது தெரிந்ததுதான். ஜூன் வரையாவது இருப்பார்கள் என்று நானாக எண்ணியிருந்தேன்.

கிளம்புவதற்கு முன் என்னிடம் தனியாகப் பேசினார்.

"நீ பாத்துகினத நான் மறக்க மாட்டம்மா. ஆனா கொஞ்ச நாளைக்கு ஓசூர் பக்கம் வராத."

"எவ்வளவு நாளைக்கு மாமா?"

"நீ வந்துகினு இருந்தா பசங்க அவள அம்மான்னு கூப்புட மாட்டாங்க. அவளும் பாவம்."

அவர் சொன்னதில் தவறு தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

கரி தேய்த்த தாள்களைப் பெரியவன் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டான். தன் புலியை எனக்கே கொடுத்துவிட்டான். சின்னவள் துவைகல்லின் அருகே நின்றாள்.

"பஸ்ல உடஞ்சிடும்," என்றேன்.

"அப்ப இங்கியே இருக்கட்டும். தெனமும் காலையில தண்ணி ஊத்துங்க சித்தி. வெயில்ல நிக்கறாங்க."

"ஊத்தறேன்."

"மறக்கக் கூடாது."

"மறக்க மாட்டேன்."

சுடாத மண் தண்ணீரில் நிற்காது என்று சொல்லியிருக்கலாம். உத்தனப்பள்ளி நிறுத்தத்தில் பேருந்து வந்ததும், அன்று பள்ளி வாசலில் விடாத என் விரலை அவளே விட்டுவிட்டு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்தது பெரியவன்.

மறுநாள் காலை செம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு துவைகல்லின் முன் நின்றேன். அவள் செய்த பெண்ணை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, ஊற்றினேன் என்று சொல்லிக்கொள்ளலாம். வந்து பார்க்க யாருமில்லை. செய்யாததைச் செய்ததாகச் சொல்ல நான் அவளுக்குக் கற்றுத்தரவில்லை. தலையிலிருந்து ஊற்றினேன். முதலில் மூக்குத்தி போயிற்று, பிறகு கரண்டி. செம்பில் இன்னும் பாதி இருந்தது. அதையும் ஊற்றினேன்.